குளிசையின் நிறம் மாறியது, கால் நோகத் தொடங்கியது: எதிர்பார்ப்பு மூளையில் செய்யும் வேலை

பதிவு 1 | திருக்கடலூரான்

வணக்கம். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். திருகோணமலையில் கிளினிக் கொப்பி வைத்திருக்கும் பல வீடுகளில் இது நடந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. நான்கு வருடங்களாகக் கொலஸ்ட்ரோலுக்காக அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அற்றோவாஸ்டாட்டின் குளிசை எடுத்து வருகிறார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அதே குளிசைக்காகக் கடை கடையாக அலைந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. ஆகையால் கிளினிக்கில் கிடைக்கும் அட்டைகளைச் சாமி அறை அலுமாரியில்தான் வைப்பார். போன மாதம் வேறு நிறுவனத்தின் குளிசை வந்தது. மருந்தின் பெயரும் மில்லிகிராமும் முன்னையவைதாம். நிறம் மட்டும் வெள்ளைக்குப் பதிலாக இளஞ்சிவப்பு. அன்று மாலையே அயல்வீட்டு மாமி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, “இது சதையை உருக்குமாம், என்ர தங்கச்சி நிப்பாட்டிப்போட்டாள்” என்றார். நான்காம் நாள் அம்மாவுக்குக் கெண்டைக்கால் நோகத் தொடங்கியது. படி ஏறச் சிரமப்பட்டார், இரவில் நித்திரை இல்லை. தானாகவே குளிசையை நிறுத்தினார். மூன்றாம் நாள் நோ போய்விட்டது.

அந்த நோ பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நடுச்சாமத்தில் எழுந்து எண்ணெய் தேய்த்துவிட்டவன் நான். ஆனால் நான்கு வருடம் பேசாமல் இருந்த மருந்து நிறம் மாறியதும் காலைப் பிடிப்பது எப்படி? நோயாளி எதை எதிர்பார்க்கிறாரோ அதை மூளை உடலில் உண்டாக்கிவிடும் என்று எங்கோ வாசித்தேன். அது எந்த அளவுக்கு உண்மை என்பதை விடயம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதிவு 2 | குளிசை எண்ணுபவள்

நான் ஓர் அரச வைத்தியசாலையில் மருந்து வழங்கும் பகுதியில் வேலை செய்கிறேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை.

முதலில் அவசரமான சொல் ஒன்று. ஸ்டாட்டின் குளிசைகள் மிக அரிதாகத் தசைநார்களை உண்மையாகவே சிதைக்கக்கூடும். நோவோடு கடுமையான பலவீனம் இருந்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போனாலோ இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அப்படி இல்லாவிட்டாலும் அம்மா குளிசையை நிறுத்தியதை வைத்தியருக்குச் சொல்லுங்கள். கிரியேற்றின் கைனேஸ் என்ற இரத்தப் பரிசோதனை தசை சிதைகிறதா என்பதைக் காட்டிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் அம்மாவை மனத்தில் வைத்துச் செய்தது போலவே இருக்கும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு போத்தல்கள் கொடுத்தார்கள்: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை, நான்கில் ஒன்றுமே இல்லை. மாதத்துக்கு ஒரு போத்தலாக ஒழுங்கு மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் தொல்லை எவ்வளவு என்று நூற்றுக்கு ஓர் எண்ணைக் கைத்தொலைபேசியில் பதியச் சொன்னார்கள். குளிசை இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் எடுத்த மாதங்களில் 16.3. வெற்றுக் குளிசை எடுத்த மாதங்களில் 15.4. அதாவது குளிசையால் வந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்து இல்லாத குளிசையாலும் வந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்களைக் காட்டி விளக்கிய பிறகு, அந்த 60 பேரில் 30 பேர் மறுபடியும் ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள். என்னைக் கவர்ந்தது அந்த 30தான்.

நிறம் மாறியதற்கும் ஒரு கதை உண்டு. நியூசிலாந்தில் தைரொயிட் குறைபாட்டுக்குக் கொடுக்கும் எல்ரொக்சின் குளிசை 2007இல் மஞ்சளில் இருந்து வெள்ளைக்கு மாறியது. உள்ளிருந்த செயற்படு மருந்து அதேதான். சேர்மானப் பொருட்கள்தான் மாறின. அதுவரை முப்பது வருடங்களில் அந்த மருந்தைப் பற்றி வந்த பக்கவிளைவு முறைப்பாடுகள் 14. மாற்றத்துக்குப் பிந்திய பதினெட்டு மாதங்களில் 1400க்கும் மேல். தொலைக்காட்சியில் செய்தி வந்தபோதெல்லாம் முறைப்பாடுகளும் கூடின. செய்தியில் சொல்லப்பட்ட தொல்லைகளே அதிகம் கூடின. அங்கே தொலைக்காட்சி செய்ததை உங்கள் வீட்டில் அயல்வீட்டு மாமி செய்திருக்கிறார்.

பதிவு 3 | மூதூர்–ரொறன்ரோ

அப்படியானால் சுற்றி வளைத்து “எல்லாம் மனப்பிரமை” என்றுதானே சொல்கிறீர்கள்? என் அம்மாவுக்கும் ஒரு காலத்தில் ஒரு வைத்தியசாலையில் இதையே சொல்லி அனுப்பினார்கள். வயிற்று நோ என்று மூன்று முறை போனவரை “யோசிக்காதேங்கோ அம்மா” என்று திருப்பி அனுப்பி, கடைசியில் பித்தக் கல் என்று வேறிடத்தில் கண்டுபிடித்தார்கள். இந்த விஞ்ஞானம் அப்படிப்பட்ட வாய்களுக்கு இன்னும் ஒரு சாட்டு ஆகிவிடும் என்பதே என் பயம்.

பதிவு 4 | நிலாவெளி மாஸ்டர்

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளை ஒழுங்காகப் படித்தவர் எவரும் “மனப்பிரமை” என்ற சொல்லைப் பாவிக்க முடியாது. முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்தருள்க.

1978இல் கலிபோர்னியாவில் ஜோன் லெவின், நியூட்டன் கோர்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் என்ற மூவர் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். நோவுக்கு மருந்து என்று சொல்லி வெற்று மருந்தைக் கொடுத்தபோது சிலருக்கு நோ குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்கு நலொக்சோன் கொடுத்ததும் நோ மீண்டும் ஏறியது. நலொக்சோன் என்பது மோர்பின் வகை மருந்துகள் சென்று ஒட்டும் வாங்கிகளை அடைத்துவிடும் பொருள். அபின் வகை மருந்தை அளவுக்கு மிஞ்சி எடுத்தவரைக் காப்பாற்றக் கொடுப்பது. மோர்பினே கொடுக்கப்படாத ஒருவரிடம் மோர்பினுக்கு எதிரான மருந்து வேலை செய்கிறது என்றால், அந்த வாங்கிகளில் ஏற்கெனவே வேறு ஏதோ ஒட்டியிருந்திருக்க வேண்டும். நோ குறையும் என்ற எதிர்பார்ப்பில் மூளை தானே சுரந்த எண்டோர்பின்தான் அது. பிரமையை நலொக்சோன் கொடுத்து நிறுத்த முடியாது.

பாதையும் ஓரளவு தெரிந்துவிட்டது. நெற்றிமடலின் முன்பகுதியில் எதிர்பார்ப்பு உருவாகிறது. அங்கிருந்து நடுமூளையில் நீர்க்கானைச் சுற்றியுள்ள நரைநிறப் பொருளுக்கும், பிறகு நீள்வளைய மையவிழையத்துக்கும், கடைசியாக முண்ணாணுக்கும் கட்டளை இறங்குகிறது. 2009இல் ஹம்பேர்க் ஆய்வாளர்கள், சாதாரணக் களிம்பை நோக்கொல்லி என்று சொல்லிக் கையில் பூசிச் சூடு வைத்தபோது, முண்ணாணிலேயே நோச் சைகை தணிவதை எம்ஆர்ஐ படத்தில் கண்டார்கள். மேலே மூளைக்கு வந்து சேர்ந்த நோவை மனம் பெரிதுபடுத்தாமல் விட்டது என்ற விளக்கம் மட்டும் இனிப் போதாது. சைகை வாசற்படியிலேயே மறிக்கப்படுகிறது.

இனி எதிர்ப்பக்கம். தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தொல்லையைத் தருவதற்கு நொசீபோ என்ற சொல்லை 1961இல் வோல்டர் கென்னடி முன்வைத்தார். “தீங்கு செய்வேன்” என்று பொருள்படும் இலத்தீன் சொல். இத்தாலியின் தூரின் நகரில் பெனடெற்றி என்ற ஆய்வாளரின் குழு 1997இல் சத்திரசிகிச்சை முடிந்த நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. நோ கூடும் என்று சொல்லி வெற்று ஊசி ஏற்றியபோது நோ கூடியது. புரோகுளுமைட் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது கூடவில்லை. புரோகுளுமைட் தடுப்பது கொலிசிஸ்டோகைனினை. பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் ஓமோன் என்று என் மாணவர்கள் மனனம் செய்த அதே பொருள் மூளையிலும் இருக்கிறது. அங்கே அது பதகளிப்பை நோவாக மாற்றும் வேலையைப் பார்க்கிறது. பித்தக் கல் கதை சொன்ன தம்பிக்கு இந்தத் தற்செயல் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெற்று மருந்தைக் குறிக்கும் பிளாசீபோவுக்கு “மருந்துப்போலி” என்று தமிழில் எழுதுகிறார்கள். போலி மருந்து என்றால் கள்ள மருந்து. ஆகையால் இதுவும் ஒரு கள்ளத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். இலக்கணப்போலியை நினைத்துப் பாருங்கள். இல்வாய் என்பது வாயில் என்று முறை மாறி நின்றும், இலக்கணம் உடையதைப் போலவே சான்றோர் வழக்கில் ஏற்கப்பட்டுவிட்டது. அதை எவரும் கள்ளச் சொல் என்பதில்லை. அந்தப் பொருளில் “மருந்துப்போலி” நல்ல சொல்தான். நொசீபோவுக்கு “நஞ்சுப்போலி” என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 5 | மூதூர்–ரொறன்ரோ

நன்றி மாஸ்டர். நலொக்சோன் விடயம் எனக்குப் புதிது. என் கோபம் விஞ்ஞானத்தின் மேல் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எதிர்பார்ப்பைப் பற்றிப் பேசுங்கள்.

பதிவு 6 | கோணேசபுரி மாணவி

நான் சித்த மருத்துவம் படிக்கிறேன். இந்த விவாதம் எப்போது எங்கள் பக்கம் திரும்பும் என்று காத்திருக்காமல் நானே வருகிறேன். எங்கள் மருந்துகள் எல்லாம் மருந்துப்போலி என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். எங்கள் வைத்தியத்தில் எதிர்பார்ப்புக்குப் பங்கே இல்லை என்று இன்னொருவர் சொன்னாலும் வருவேன்.

நாடி பிடித்துப் பார்க்கும்போது வைத்தியர் நோயாளியின் கையைப் பேசாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். மருந்தைத் தேனில் குழைப்பதா, நெய்யில் குழைப்பதா என்று அனுபானம் சொல்கிறார். இன்னது தின்னாதே என்று பத்தியம் வைக்கிறார். இவற்றுக்கு நூல்களில் காரணம் உண்டு. அதோடு, “என்னை ஒருவர் கவனமாகப் பார்க்கிறார், என் நோய்க்கென்றே இந்த மருந்து செய்யப்பட்டது” என்ற எண்ணமும் நோயாளிக்குள் இறங்குகிறது. ஊரில் “கைராசிக்காரர்” என்று ஒரு பரிசாரியாரைச் சொல்வார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும்போதே பாதி சுகம் என்று என் அம்மம்மா சொல்வார். நான் அதை மூடநம்பிக்கை என்று சிரித்தவள்.

சிரிப்பை நிறுத்தியது 2008இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கப்சுக்கும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு. குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரை எழுந்தமானமாக மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வெறுமனே காத்திருந்தது. இன்னொரு குழுவுக்கு உள்ளே இறங்காத பொய் ஊசிகளால் அக்குபஞ்சர், பேச்சு மிகக் குறைவு. மூன்றாவது குழுவுக்கு அதே பொய் ஊசி. ஆனால் வைத்தியர் அன்பாக, நம்பிக்கையோடு, நேரம் எடுத்துப் பேசினார். மூன்று வாரத்தில் போதிய சுகம் கிடைத்தது என்று சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். இரண்டாவது குழுவுக்கும் மூன்றாவது குழுவுக்கும் இடையிலுள்ள 18ஐத்தான் அம்மம்மா கைராசி என்றார் போலும்.

இன்னொன்று: 2010இல் அதே குழுவினர் அதே நோய் உள்ள 80 பேரில் ஒரு பாதியினரிடம் குளிசையைக் கொடுத்து, “இதில் மருந்து எதுவும் இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள்; ஆனால் இப்படிப்பட்ட குளிசை உடலின் சொந்தச் சுகப்படுத்தலைத் தூண்டக்கூடும் என்றும் விளக்கினார்கள். குளிசை எடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சுகம், எடுக்காதவர்களில் 35. பொய் சொன்னால்தான் இது வேலை செய்யும் என்ற எண்ணம் அதோடு தளர்ந்துவிட்டது.

பதிவு 7 | கிண்ணியா வாசகன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தங்கச்சி எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் இதன் மறுபக்கத்தை எங்கள் வீட்டில் கண்டவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வாப்பாவுக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. ஒரு முறை இரவில் இழுப்பு வந்தபோது தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், குடித்தார், “இப்ப லேசா இருக்கு” என்றார். முகத்திலும் அமைதி தெரிந்தது. நாங்களும் படுத்துவிட்டோம். விடியற்காலையில் உதடு நீலம் பாய்ந்த நிலையில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. ஓதிய ஹஸ்ரத் அவர்களே மறுநாள் வந்து, “பம்மை முதலில் அடியுங்கள், ஓதுவதை அதற்குப் பிறகு பார்ப்போம்” என்றார். அவர் சொன்னதை நான் இன்றும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பிறகு நான் தேடி வாசித்ததில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. 39 ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சுவாசக் குழாயைத் திறக்கும் உண்மையான சல்பியூட்டமோல் பம், வெற்று பம், பொய் அக்குபஞ்சர், ஒன்றுமே இல்லை என்று நான்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது முதல் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்: பாதியளவு குணம். ஒன்றும் கொடுக்காதபோது மட்டும் 21 சதவீதம். ஆனால் ஊதச் சொல்லி மூச்சை அளந்தபோது, உண்மை மருந்துக்கு 20 சதவீதம் ஏற்றம். மற்ற மூன்றுக்கும் 7 சதவீதம் அளவில் ஒரே மாதிரி. நோயாளி பொய் சொல்லவில்லை. லேசாக இருப்பதாக அவருக்கு உண்மையிலேயே தெரிகிறது. சுவாசக் குழாய் மட்டும் திறக்கவில்லை.

என் வாப்பா அன்று சொன்னதும் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்துகிறது.

பதிவு 8 | நிலாவெளி மாஸ்டர்

கிண்ணியாத் தம்பி சொன்னதை அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும். எதிர்பார்ப்பு எட்டும் இடங்களும் எட்டாத இடங்களும் உண்டு. நோ, குமட்டல், பதகளிப்பு, களைப்பு, பார்க்கின்சன் நோயின் சில அசைவுகள் ஆகியவை எட்டும் இடங்கள்; மூளையே அவற்றின் உற்பத்தியிலோ கட்டுப்பாட்டிலோ நேரடியாகக் கை வைத்திருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வெற்று ஊசி போட்டபோது மூளையில் டோபமீன் சுரந்ததை 2001இல் வன்கூவர் ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். அந்த நோயில் குறைந்து போவது அதே டோபமீன்தான். ஆனால் கட்டி சுருங்குவது, கிருமி அழிவது, முறிந்த எலும்பு பொருந்துவது ஆகியவற்றை எதிர்பார்ப்பிடம் ஒப்படைக்க முடியாது.

இன்னோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிட்டு வந்து மூட்டு நோ குறைந்தது என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: எப்போது போனீர்கள்? நோ உச்சத்தில் இருந்தபோது போயிருப்பார்கள். உச்சத்தில் இருப்பது எப்படியும் சில நாளில் இறங்கும். வெந்நீரின் சூடும் தசையைத் தளர்த்தும். இவ்விரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் எதிர்பார்ப்பின் பங்கு. 1955இல் ஹென்றி பீச்சர் நோயாளிகளில் 35 சதவீதத்தினர் வெற்று மருந்தால் சுகப்படுகிறார்கள் என்று எழுதியது இந்தக் கழித்தலைச் செய்யாமல்தான்; அந்த 35 இன்னும் பலர் வாயில் நடமாடுகிறது. 2001இல் டென்மார்க்கின் ரொபியார்ட்சனும் கொட்ஷேயும் சிகிச்சையே பெறாத குழுவோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நோ போன்று நோயாளி தாமே சொல்லும் தொல்லைகளில் சிறிய பலன் மட்டுமே மிஞ்சியது. மாணவி இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவு 9 | கோணேசபுரி மாணவி

வைத்துக்கொள்கிறேன், சேர். ஆனால் நான் காட்டிய 28, 44, 62இல் காத்திருந்த குழு இருக்கிறது. கழித்தல் அங்கே செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஒரு புள்ளியை விட்டுத்தர மாட்டேன்.

பதிவு 10 | நிலாவெளி மாஸ்டர்

சரி. அந்தப் புள்ளி உங்களுக்கே.

பதிவு 11 | இரவுக்கடமை

நான் தாதி. பல வருடங்கள் பிரசவ விடுதியில் வேலை செய்தேன். நீங்கள் எல்லோரும் வெற்றுக் குளிசையைப் பற்றியே பேசுகிறீர்கள்; எங்கள் கையில் வெற்றுக் குளிசை இல்லை, வாய்தான் இருக்கிறது.

ஊசி போடும்போது, “ஒண்டும் இல்லை, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்” என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அன்பில் சொல்வதுதான். 2010இல் வெளியான ஆய்வு ஒன்றை ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லக் கேட்ட பிறகு அந்த வசனத்தை விட்டுவிட்டேன். பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் விறைப்பு ஊசி போடும்போது, பாதிப் பேரிடம், “இந்த இடத்தை மரக்கச் செய்யும் மருந்து போடுகிறோம், அதன் பிறகு உங்களுக்குச் சுகமாக இருக்கும்” என்றார்கள். மற்றப் பாதிப் பேரிடம், “பெரிய தேனீ குத்துவது போல இருக்கும், இதுதான் மிக மோசமான கட்டம்” என்றார்கள். ஊசி ஒன்றே, மருந்து ஒன்றே. பத்துக்குக் கேட்டபோது முதற் குழுவின் இடைநிலை எண் 3, இரண்டாவதன் எண் 5. எறும்பு தேனீயை விடச் சிறியது என்றாலும் கடிப்பதுதானே?

மருந்தை ஏற்றும்போது சொல்லிவிட்டு ஏற்றுவதும் அப்படித்தான். தூரின் குழுவினர் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு நோக்கொல்லி மருந்தைக் கண் முன்னே சொல்லி ஏற்றினார்கள். சிலருக்கு இயந்திரம் மூலம் தெரியாமல் ஏற்றினார்கள். தெரியாமல் ஏற்றியவர்களுக்கு அதே அளவு சுகத்துக்குக் கூடிய மருந்து வேண்டியிருந்தது. சேலைன் போத்தலுக்குள் பேசாமல் மருந்தைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடும் இரவுகளில் இது என் நினைவுக்கு வரும். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்றால் வேறு எப்படி?

பதிவு 12 | திருக்கடலூரான்

அக்கா சொன்னதை வாசித்துவிட்டு ஒரு கேள்வி எழுகிறது. அப்படியென்றால் பக்கவிளைவுகளைச் சொல்லாமல் விடுவதுதான் நல்லதா? அம்மாவிடம் மாமி அந்த வசனத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் கால் நொந்திருக்காது என்றுதானே இதுவரை எழுதியதெல்லாம் சொல்கிறது?

பதிவு 13 | குளிசை எண்ணுபவள்

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கும் நிம்மதியான பதில் இல்லை.

மறைப்பதற்குச் சார்பான ஆதாரம் பலமானது. இத்தாலியில் புரஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைட் எடுத்த 120 ஆண்களில் ஒரு பாதியினரிடம் பாலுறவில் சிக்கல் வரலாம் என்று சொன்னார்கள், மறுபாதியினரிடம் சொல்லவில்லை. ஒரு வருடத்தில் சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதத்தினருக்கு அந்தத் தொல்லை, சொல்லப்படாதவர்களில் 15.3. இது 2007இல் வெளிவந்தது. ஆனால் அந்த 15.3ஐயும் பாருங்கள். சொல்லப்படாமல் தொல்லை வந்த அந்த ஆண், எது தன்னைப் பிடித்தது என்று தெரியாமல், ஒருவேளை மனைவியிடமும் சொல்லாமல் எத்தனை மாதம் இருந்திருப்பார்? அவருக்கு நாங்கள் செய்தது என்ன?

நான் மறைக்க மாட்டேன். தன் உடலுக்குள் போவது என்ன என்பதை அறிவது நோயாளியின் உரிமை; அதோடு, நாங்கள் மறைத்தாலும் மாமி சொல்வார், கைத்தொலைபேசி சொல்லும். நான் செய்வது வசனத்தைத் திருப்புவது. “நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் தலைசுற்றும்” என்பதை, “நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு முதல் சில நாட்கள் தலைசுற்றக்கூடும், பெரும்பாலும் தானாகப் போய்விடும்” என்று சொல்கிறேன். கணக்கு அதேதான். குளிசை மாறும்போது, “நிறம்தான் வேறு, உள்ளே இருக்கிற மருந்து நீங்கள் இவ்வளவு காலமும் எடுத்ததுதான்” என்று அட்டையைத் திருப்பிப் பெயரைக் காட்டுகிறேன். காலை பத்து மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது இதைச் சொல்ல எடுக்கும் இருபது விநாடி பெரிய நேரம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எல்லா நாளும் சொல்வதில்லை.

பதிவு 14 | இரவுக்கடமை

தங்கச்சி, எனக்கு உங்களோடு முழு உடன்பாடு இல்லை. பக்கவிளைவுகள் அனைத்தையும் கேட்க விரும்பாத நோயாளியும் இருக்கிறார். “எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் மிஸ்ஸி, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்” என்று கையைப் பிடிப்பவரிடம் உரிமை பேசி வற்புறுத்தி வாசித்துக் காட்டுவது சரியா? ஆபத்தானதைக் கட்டாயம் சொல்வேன். சின்னச் சின்னத் தொல்லைகளைப் பற்றி, “தெரிந்துகொள்ள விருப்பமா, அல்லது ஏதாவது இருந்தால் வந்து கேட்கிறீர்களா?” என்று முதலில் கேட்பேன்.

பதிவு 15 | குளிசை எண்ணுபவள்

அவர் வேண்டாம் என்றால் அது அவர் எடுத்த முடிவு; அதற்கு நானும் கட்டுப்படுவேன். கேட்காமலே நாங்கள் முடிவெடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். இந்த ஊரில் நோயாளி கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் பழக்கம் இருக்கும்போது, “வேண்டாம்” என்று சொல்பவர் விரும்பிச் சொல்கிறாரா, பயந்து சொல்கிறாரா என்பது எப்படித் தெரியும்?

பதிவு 16 | இரவுக்கடமை

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதிவு 17 | நிலாவெளி மாஸ்டர்

இருவரும் பேசுவதற்குப் பொருத்தமான ஓர் ஆய்வை மட்டும் இடையில் வைக்கிறேன். 2011இல் ஒக்ஸ்போர்ட்டில் உல்ரிக்க பிங்கெலும் மற்றவர்களும் 22 பேரின் காலில் சூடு வைத்து, ரெமிஃபென்டனில் என்ற பலமான நோக்கொல்லியைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தொடக்கத்தில் நோ நூற்றுக்கு 66. மருந்து ஏறத் தொடங்கியது தெரியாதபோது 55. “இப்போது ஏற்றுகிறோம்” என்றதும் 39. பிறகு, “நிறுத்திவிட்டோம், நோ கூடலாம்” என்று பொய் சொன்னார்கள். மருந்து அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நோ 64க்குப் போனது. உண்மையான, பலமான மருந்து உடலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வசனம் அதை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டது. வெற்றுக் குளிசை ஆய்வுகளை விட இதுவே என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

நம் ஊரில் அரச மருந்து என்றால் மலிவு, மலிவு என்றால் தரமில்லை என்ற பேச்சு இருக்கிறது. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தப் பேச்சும் கூட வருகிறது. தர முறைப்பாடுகள் சில உண்மையாகவும் இருந்திருக்கின்றன. அவற்றை எதிர்பார்ப்பின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் நல்ல மருந்தையும் “கவர்மெண்ட் குளிசைதானே” என்று சொல்லிக் கொடுக்கும்போது, அந்த 39ஐ 64 ஆக்குகிறோமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பதிவு 18 | திருக்கடலூரான்

பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இரத்தப் பரிசோதனையில் தசைக்கு ஒரு கேடும் இல்லை. வைத்தியர் அதே இளஞ்சிவப்புக் குளிசையைத் தொடரச் சொல்லி, நாளாந்தம் கால் எப்படி என்று பத்துக்கு ஓர் எண் எழுதச் சொன்னார். அம்மா நாட்காட்டியில் எழுதுகிறார். முதல் மூன்று நாள் 6, 6, 5. பிறகு 3. நேற்று 4, ஆனால் நேற்றுக் கோணேசர் கோவில் மலை ஏறி இறங்கியவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிறுத்தப் போவதில்லை என்கிறார்.

பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு, “பேர் ஒண்டுதான். ஆனா இது நாக்கில கசக்குது, மற்றது கசக்காது” என்றார். இதுவும் எதிர்பார்ப்புத்தானா?

பதிவு 19 | குளிசை எண்ணுபவள்

இல்லை, அது உண்மையாகவே கசக்கக்கூடும். ஒரே மருந்தைச் செய்யும் நிறுவனங்கள் மேற்பூச்சையும் சேர்மானங்களையும் வெவ்வேறாகப் பாவிக்கலாம். பூச்சு மெல்லியதாக இருந்தால் நாக்கில் பட்டவுடன் கசப்புத் தெரியும். அம்மாவிடம் அதை முதலில் சொல்லுங்கள். தண்ணீரை முதலில் ஒரு மிடறு குடித்து வாயை நனைத்துவிட்டுக் குளிசையைப் போடச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது இரண்டு அட்டைகளையும் நாட்காட்டியையும் கையோடு கொண்டுபோய் மருந்து கொடுப்பவரிடம் காட்டுங்கள்.